முதல் ரூபாய் யாருக்கு: ஸ்டேஷனுக்கா, சிறப்புப் படைக்கா, டெல்லிக்கா?

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் கம்பிக் கதவில் ஒரு நோட்டு தொங்கும். மழையில் நனைந்து காய்ந்து ஓரமெல்லாம் உப்பிப்போன பட்டா புத்தகம், அதாவது போலீஸ் ரோந்துப் பதிவேடு. இரவு ரோந்து வரும் போலீஸ்காரர் பைக்கை அணைக்காமல் நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார். 1.40 என்று இருக்கும், 3.15 என்று இருக்கும். ஒருநாள் பால் வாங்கப் போனபோது சும்மா புரட்டிப் பார்த்தேன். மூன்று ராத்திரிக்கான கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல இருந்தது.

பயங்கரவாதத்தைத் தடுப்பதில் போலீஸின் பங்கு என்றதும் பலருக்கும் கறுப்பு உடையில் கயிறு பிடித்து இறங்கும் கமாண்டோதான் ஞாபகத்துக்கு வருவார். எனக்கு இந்த நோட்டுதான் வரும். இந்தக் கட்டுரை ஓரளவுக்கு இந்த நோட்டின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள் விடிகாலை. கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் ஒரு மாருதி 800 கார் வெடித்தது. உள்ளே கேஸ் சிலிண்டர். காரை ஓட்டிவந்த ஜமேஷா முபீன் அங்கேயே இறந்தார். வேறு உயிர்ச்சேதம் இல்லை. அவர் வீட்டில் பொட்டாசியம் நைட்ரேட், அலுமினியப் பொடி, கந்தகம், கரி என்று சுமார் 75 கிலோ கிடைத்தது. அவரை 2019லேயே என்.ஐ.ஏ. (மத்திய அரசின் தேசியப் புலனாய்வு முகமை) அழைத்து விசாரித்திருந்தது என்பதும் அன்றே தெரிந்துவிட்டது.

மூன்று நாள் கழித்து முதலமைச்சர் கூட்டிய ஆய்வுக் கூட்டத்தில் மூன்று முடிவுகள் வந்தன. வழக்கை என்.ஐ.ஏ.வுக்கு மாற்றப் பரிந்துரை. மாநிலத்துக்கென்று ஒரு சிறப்புப் படை. அப்புறம் கோவையில் கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையம் ஆகிய இடங்களில் புதிய காவல் நிலையங்கள். முதல் இரண்டைப் பற்றித் தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் விவாதம் ஓடியது. மூன்றாவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஒரு மாநில அரசு முன்னால் இருக்கும் வழிகள் ஏறக்குறைய இவைதான். மூன்றையும் செய்யலாம், செய்யவும் செய்கிறார்கள். ஆனால் பணமும் நல்ல அதிகாரிகளும் அளவாகத்தானே இருக்கிறார்கள்? எது முதலில், எது பிறகு என்று வரிசை போட்டுத்தான் ஆக வேண்டும்.

நாலாவதாக ராணுவம் என்று ஒரு வழியும் உண்டு. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் டீக்கடையில் ஒருவராவது "மிலிட்டரியை இறக்கணும் சார்" என்பார். அதற்கு அமிர்தசரஸைக் காட்டலாம். ஒரே பொற்கோயில், நான்கு வருட இடைவெளியில் இரண்டு நடவடிக்கைகள். 1984 ஜூனில், உள்ளே பதுங்கியிருந்த காலிஸ்தான் ஆயுதக் குழுவைப் பிடிக்க ராணுவம் நுழைந்தது. டாங்கிகள் வந்தன, சீக்கியர்களின் உயர் பீடமான அகால் தக்த் சிதைந்தது, உள்ளே மாட்டிக்கொண்ட யாத்ரீகர்களும் செத்தார்கள். சீக்கியச் சிப்பாய்கள் சிலர் கலகம் செய்தார்கள். அக்டோபர் 31 அன்று பிரதமரையே அவரது காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். பஞ்சாப் அடுத்த பல ஆண்டுகள் எரிந்தது.

1988 மே மாதத்துக்குள் அதே வளாகத்தில் மறுபடி ஆயுதக் குழுக்கள் புகுந்திருந்தன. இந்த முறை பொறுப்பு பஞ்சாப் போலீஸிடம். டி.ஜி.பி. கே.பி.எஸ். கில். உதவிக்கு மத்திய கமாண்டோ படையான என்.எஸ்.ஜி.யும், மத்திய ரிசர்வ் போலீஸான சி.ஆர்.பி.எஃப்.பும். வளாகத்தைச் சுற்றி வளைத்தார்கள், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள், உயரமான இடங்களில் குறிபார்த்துச் சுடுபவர்களை உட்கார வைத்தார்கள், அப்புறம் காத்திருந்தார்கள். பத்திரிகையாளர்கள் பக்கத்து மாடிகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 10 நாளில் உள்ளே இருந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கட்டடத்துக்கும் பெரிய சேதம் இல்லை. போலீஸ் மூளை என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றும். எதிரியை அழிப்பதைவிட அவனைப் பிடித்து, பெயர் எழுதி, கோர்ட்டில் நிறுத்துவதற்குப் பழகிய மூளை அது.

ஆனால் பஞ்சாப் கதையை இங்கே நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். அடுத்து வந்த வருடங்களில் அதே போலீஸ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது, பலர் திரும்பவில்லை. அமிர்தசரஸ் மாவட்டச் சுடுகாடுகளின் பதிவேடுகளைப் புரட்டி, அடையாளம் தெரியாதவர்கள் என்று எரிக்கப்பட்ட உடல்களைக் கணக்கெடுத்தவர் ஜஸ்வந்த் சிங் கால்ரா. 1995 செப்டம்பரில் அவரையே கடத்திக்கொண்டு போய், பிறகு கொன்றார்கள். அதற்காகப் போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகனங்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வந்தன. போலீஸைக் கொண்டே தீவிரவாதத்தை அடக்கலாம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பதிவேட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு பேச வேண்டும்.

2008இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 1968 முதல் 2006 வரை இயங்கிய 648 தீவிரவாதக் குழுக்களை எடுத்துக்கொண்டு, முடிந்துபோனவை எப்படி முடிந்தன என்று பார்த்தது. 43 சதவீதம் அரசியலுக்குள் வந்து முடிந்தன. 40 சதவீதத்தைப் போலீஸும் உளவுப் பிரிவும் முடித்தன. ராணுவத்தால் முடிந்தவை 7 சதவீதம்தான். சரி, ராணுவத்தை விட்டுவிடுவோம். மற்ற மூன்றுக்கு வருவோம்.

சிறப்புப் படைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் முதலில் எடுப்பது மும்பையைத்தான். 2008 நவம்பர் 26, பத்துப் பேர் கடல் வழியாக வந்து இறங்கினார்கள். 166 பேர் இறந்தார்கள். சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. 47க்கு எதிரே போலீஸ் கையில் இருந்தது பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிளும் லத்தியும். என்.எஸ்.ஜி. அரியானாவின் மானேசரிலிருந்து கிளம்பி, விமானம் பிடித்து, மும்பை விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏறி, தாஜுக்கும் ஓபராய்க்கும் நாரிமன் ஹவுஸுக்கும் வந்து சேர்ந்தது மறுநாள் காலையில். அதற்குள் ஒரு முழு ராத்திரி போய்விட்டது. அதன் பிறகுதான் மும்பை, சென்னை, ஐதராபாத், கொல்கத்தாவில் என்.எஸ்.ஜி. மையங்கள் வந்தன, மகாராஷ்டிரா ஃபோர்ஸ் ஒன் என்று தனிப்படை அமைத்தது. இதெல்லாம் தேவைதான், மறுக்கவில்லை. சுட ஆரம்பித்துவிட்ட பிறகு ஸ்டேஷன் ஏட்டு என்ன செய்வார்?

ஆனால் அதே ராத்திரியில் கிர்காம் சௌபாத்தியில் நடந்ததையும் பாருங்கள். இரண்டு பேர் ஒரு ஸ்கோடா காரைப் பறித்துக்கொண்டு போகிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. டி.பி. மார்க் ஸ்டேஷன்காரர்கள் ரோட்டில் தடுப்புப் போட்டு நின்றார்கள். கார் வந்தது, தடுப்புக்கு முன்னால் திரும்பப் பார்த்தது, மாட்டிக்கொண்டது. ஓட்டிவந்தவன் குண்டடிபட்டுச் செத்தான். பக்கத்தில் இருந்தவன் கையைத் தூக்குவதுபோல வெளியே வந்து சுட ஆரம்பித்தான். உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே போய் அந்தத் துப்பாக்கியின் குழாயையே பிடித்துக்கொண்டார். அவர் கையில் லத்தி மட்டும்தான். குண்டுகள் முழுக்க அவர் உடம்பில் இறங்கின. பிடியை விடவில்லை. மற்றவர்கள் அவனை மடக்கினார்கள். அப்படித்தான் கசாப் உயிரோடு கிடைத்தான். பத்துப் பேரில் உயிரோடு கிடைத்தவன் அவன் ஒருவன்தான். எங்கிருந்து வந்தார்கள், யார் பயிற்சி கொடுத்தார்கள் என்பதை உள்ளிருந்தே சொல்ல ஓர் ஆள் கிடைத்ததற்குக் காரணம் ஒரு வாகனத் தணிக்கை. ஓம்ப்ளேவின் கையில் ஒரு நல்ல துப்பாக்கியும் உடம்பில் ஒரு நல்ல கவசமும் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்டேஷனுக்குச் செலவழிப்பது என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

இன்னொன்று, அந்தப் பத்துப் பேரும் கரையேறியது மீனவக் குடியிருப்பு ஓரத்தில். அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள், யார் நீங்கள் என்று கேட்கவும் செய்தார்கள். வந்தவர்கள் முறைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குடியிருப்பில் ஒருவர் கையிலாவது ஒரு ஏட்டின் செல் நம்பர் இருந்து, அவரும் அந்த நேரத்தில் போனை எடுத்திருந்தால் கதை மாறியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் எந்தக் கமாண்டோ படையாலும் கேட்க முடியாத கேள்வியை அந்தக் கரைக்காரர்கள் கேட்டார்கள்.

சிறப்புப் படை என்றால் துப்பாக்கிப் படை மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் கியூ பிரிவு பல காலமாக இருக்கிறது. நக்சல்பாரிக் காலத்தில் வளர்ந்து, பின்னால் ஈழ இயக்கங்களைக் கவனித்த பிரிவு அது. உக்கடத்துக்குப் பிறகு வந்த தீவிரவாதத் தடுப்புப் பிரிவின் பலம் பழைய கோப்பை விடாமல் வைத்திருப்பது. 2025 ஜூலையில் ஆந்திராவின் ராயசோட்டியில் அந்தப் பிரிவு இரண்டு பேரைப் பிடித்தது. சுமார் 30 வருடமாகத் தேடப்பட்டவர்கள். ஒரு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரால் இது ஆகாது. அவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் மாறுதல் வந்துவிடும். கோப்பு பீரோவுக்குப் போய்விடும். 30 வருடம் ஒரே முகத்தைத் தேட ஒரு தனி அலுவலகம் வேண்டும். அந்த அளவுக்கு இந்தச் செலவு நியாயம்.

அடுத்தது டெல்லி. மும்பைக்குப் பிறகு 2008 டிசம்பரில் சட்டம் போட்டு வந்ததுதான் என்.ஐ.ஏ. பணம் துபாயிலிருந்து, சிம் கார்டு கேரளாவிலிருந்து, ஆள் கோவையில் என்று விரியும் வழக்கை ஒரு மாநகரப் போலீஸ் பிடித்து இழுக்க முடியாது. மாநில எல்லை தாண்டும்போது அவர்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் அனுமதியும் அறிமுகமும் தேவை. என்.ஐ.ஏ.வுக்கு அந்தத் தொல்லை இல்லை. தனி நீதிமன்றம், தனி அரசு வக்கீல் எல்லாம் உண்டு. குற்றம் நடந்த பிறகு விசாரிப்பதில் அதன் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை.

நடப்பதற்கு முன்னால் தடுப்பதில்தான் சிக்கல். என்.ஐ.ஏ.வுக்குக் கரும்புக்கடையில் ஸ்டேஷன் கிடையாது, பட்டா புத்தகமும் கிடையாது. 2019இல் ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் எந்தக் கடையில் என்ன வாங்குகிறார் என்று யார் பார்ப்பது? டெல்லி பார்க்க முடியாது. பார்க்கக்கூடியவர் அந்தப் பகுதி ஏட்டுதான். விசாரித்தவர் ஓரிடம், கண்காணிக்க வேண்டியவர் வேறிடம் என்று இருந்தால் நடுவில் கோப்பு தொங்கிவிடும். உக்கடத்துக்குப் பிறகு ஒரு வாரம் நடந்த சண்டையும் இதைப் பற்றித்தான். மத்திய உள்துறை முன்பே எச்சரித்ததா, வந்தது வெறும் பொதுச் சுற்றறிக்கைதானா என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. வழக்கை மாற்ற நாலு நாள் ஏன் என்று ஆளுநர் கேட்டார். அந்த நாலு நாளில் பல கை மாறியிருந்த அந்த மாருதியின் கடைசி உரிமையாளரைத் தேடிக் கண்டுபிடித்து, கைதுகளை ஆரம்பித்தது உள்ளூர்ப் போலீஸ்தான். இதை மேடையில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

2012இல் எல்லாவற்றையும் டெல்லியில் ஒரே மையத்தின் கீழ் கொண்டுவரும் தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் என்ற யோசனை வந்தது. ஜெயலலிதா, மம்தா, நவீன் பட்நாயக், அன்று குஜராத் முதல்வராக இருந்த மோடி என்று ஒன்றுக்கொன்று சேராத ஆட்கள் எல்லாம் சேர்ந்து எதிர்த்தார்கள். அது நின்றுபோனது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பது ஒரு காரணம். உள்ளூரில் கைது செய்யும் அதிகாரத்தை ஓர் உளவு அமைப்பிடம் கொடுத்தால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது.

இப்போது ஸ்டேஷன். இதன் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையைப் பார்க்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் என்று மூன்று தேவாலயங்கள், கொழும்பில் மூன்று சொகுசு ஓட்டல்கள். 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாக்குதல் நடத்திய குழுவின் தலைவர் ஸஹ்ரான் ஹாஷிமைப் பற்றி, அவர் ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே போலீஸுக்குப் போய்ச் சொல்லியிருந்தார்கள். 2017 மார்ச்சில் அங்கே அடிதடி நடந்து அவர் தலைமறைவானார். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் போலீஸ் பெரிய அளவில் வெடிபொருள்களைப் பிடித்தது. ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து எச்சரிக்கை போனது. ஏப்ரல் 11 தேதியிட்ட போலீஸ் கடிதம் ஒன்றில் ஸஹ்ரானின் பெயரே இருந்தது. ஊர்க்காரர் சொல்லியாயிற்று, ஏட்டுக்குத் தெரியும், சி.ஐ.டி. சரக்கைப் பிடித்தாயிற்று, வெளிநாடு பெயர் சொல்லிவிட்டது. தேவாலய வாசலில் மட்டும் யாரும் நிற்கவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. போலீஸ் மா அதிபராக இருந்தவருக்கும் உளவுத் தலைவராக இருந்தவருக்கும் தலா 7.5 கோடி. தகவல் கீழே இருந்தது, மேலே போகும் வழியில் அடைத்துக்கொண்டது என்பதற்கு இவ்வளவு தெளிவான சாட்சி வேறு இல்லை.

இன்னொரு சம்பவம் அதைவிட என்னை உறுத்தும். 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். பழக்கதோஷத்தில் ஒரு முன்னாள் புலியைப் பிடித்து உள்ளே போட்டார்கள். செய்தது ஸஹ்ரான் குழு என்பது ஈஸ்டருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஆள் 2019 மே மாதம் வெளியே வந்தார். வழக்கமான சந்தேகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அந்தக் கொலையைத் துப்புத் துலக்கியிருந்தால் நாலரை மாத அவகாசம் கிடைத்திருக்கும். தப்பான ஆளைப் பிடிப்பதால் அவருக்கு மட்டும் அநியாயம் இல்லை. சரியான ஆள் அந்த நேரத்தில் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறான்.

கோவைக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் கேரள அரசியல்வாதி மதானி ஒன்பது வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்து, குற்றம் நிரூபிக்கப்படாமல் 2007இல் விடுதலையானார். அதற்கும் முன்னால், 1997 நவம்பர் கடைசியில் உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் குத்திக் கொல்லப்பட்டார். கோபத்தில் போலீஸ்காரர்களே வேலையை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். அடுத்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். போலீஸே ஒரு பக்கமாக நின்றுவிட்டது என்று ஒரு பகுதி முழுக்க நம்பிய பிறகு, அங்கிருந்து யார் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, "பக்கத்து வீட்டில் என்னவோ மூட்டை மூட்டையாக இறங்குகிறது" என்று சொல்வார்கள்? இரண்டரை மாதத்தில் குண்டு வெடித்தது. ஒன்றுக்கு ஒன்று நியாயம் ஆகாது. 58 பேரைக் கொன்றதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. நான் சொல்வது தகவல் எப்படி வறண்டுபோகும் என்பதை மட்டும்.

ஆகவே ஸ்டேஷனுக்குப் பணம் என்றால் கூடுதல் ஜீப்பும் கேமராவும் மட்டும் இல்லை. அந்தப் பகுதியில் நாலு வருடமாவது இருக்கும் எஸ்.ஐ. வேண்டும். அந்தத் தெரு மக்கள் பயப்படாமல் பேசக்கூடிய, அவர்களில் ஒருவராகவும் இருக்கக்கூடிய போலீஸ்காரர்கள் வேண்டும். உரக்கடைக்காரரும் பழைய கார் புரோக்கரும் வீட்டு ஓனரும் ஒரு விஷயத்தைச் சொன்னால், சொன்னவரையே நாலு நாள் அலைக்கழிக்காத ரைட்டர் வேண்டும். இவை பட்ஜெட் உரையில் வராத செலவுகள்.

கீழே நிற்கிறவர்களின் கண்ணை நான் நம்புவதற்கு ஸ்ரீபெரும்புதூரும் ஒரு காரணம். 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தியை நெருங்க முயன்ற பெண்ணைத் தடுத்தவர் பந்தோபஸ்தில் இருந்த எஸ்.ஐ. அனுசுயா. விடுங்கள் என்று ராஜீவே சொன்னதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவரும் அந்த வெடிப்பில் காயம்பட்டவர்தான்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி. முதல் ரூபாய் ஸ்டேஷனுக்கும், ஸ்டேஷனிலிருந்து மேலே போகும் தகவல் வழிக்கும். இரண்டாவது, கோப்பை விடாமல் வைத்திருக்கும் மாநிலத் தீவிரவாதத் தடுப்புப் பிரிவுக்கு. ஆனால் அது ஸ்டேஷன்களின் நல்ல ஆட்களை உறிஞ்சி எடுத்துக்கொள்ளக் கூடாது, கீழிருந்து வரும் குறிப்புக்கு அது எழுத்தில் பதில் சொல்லவும் வேண்டும். கமாண்டோ படை சின்னதாக, நன்றாகப் பயிற்சி பெற்றதாக இருந்தால் போதும், சென்னையில் என்.எஸ்.ஜி.யும் இருக்கிறது. எல்லை தாண்டும் வழக்கு டெல்லிக்குப் போகட்டும், போகும்போது உள்ளூர் ஏட்டையும் குழுவில் சேர்த்துக்கொண்டு போகட்டும். சின்ன மாநிலங்களுக்கு இந்த வரிசை சரிப்படாமல் போகலாம். கோவா அளவுக்கு ஒரு மாநிலம் தனியாகத் தடுப்புப் பிரிவு நடத்துவதைவிட என்.ஐ.ஏ.வோடு ஒட்டிக்கொள்வதே மேல்.

இந்த வரிசையில் முதலில் அடிபடுவது எது என்றும் தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தகவல் சேகரிக்கத் தனிப்பிரிவு ஏட்டு என்று ஒருவர் இருப்பார். கல்யாண வீடு, கட்சி ஆபீஸ், பள்ளிவாசல், கோயில் கமிட்டி எல்லாம் அவருக்குத் தெரியும். கோயில் திருவிழா வந்தால் அவரும் பந்தோபஸ்து, அமைச்சர் வந்தால் அவரும் பந்தோபஸ்து, கிரிக்கெட் மேட்ச் வந்தாலும் அவரே கயிறு பிடிக்கப் போவார். அன்றைக்கு அவர் பகுதியில் யார் புதிதாகக் குடிவந்தார்கள் என்பதை எழுத ஆள் இல்லை.